அஞ்சாத அன்பர் அருளானந்தர்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி செல்லும் சாலையில் கருமாத்தூரைக் கடக்கும்போதெல்லாம் அருளானந்தர் கல்லூரி நம் கண்ணில் படுகின்றது. யார் அந்த அருளானந்தர்? அரண்மனையில் வளர்ந்து, நம் கண்மாய்க் கரைகளில் நடந்து, ஓரியூர் மண்ணில் உயிர் தந்த புனித ஜான் தெ பிரிட்டோவே அவர்.

1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் மாநகரில் உயர்குடியில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பெயாத்ரீஸ் அம்மையார் அவரைப் பக்தியில் வளர்த்தார். இளவரசர் பேதுருவின் தோழராக அரண்மனையில் வாழ்ந்த நாளில் கடும் நோய் கண்டது. தாய் புனித சவேரியாரை மன்றாடினார், பிள்ளை பிழைத்தது. நேர்த்திக்கடனாக ஓராண்டுக் காலம் சேசு சபையாரின் அங்கியை அணிந்தார். 1662-இல் அச்சபையிலேயே சேர்ந்தார்.

1673-இல் குருப்பட்டம் பெற்று, இந்தியாவுக்குப் புறப்பட்டபோது தாயின் உள்ளம் கலங்கியது. எப்படியாவது மகனைத் தடுக்க வேண்டும் என்று பாப்பரசரின் தூதரிடமும் முறையிட்டார். பெற்ற வயிறு அஞ்சாதா? ஆயினும் மகன் கப்பலேறினார்.

மதுரை மிஷனில் அவர் பண்டார சுவாமியானார். காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழ் பயின்றார், வெயிலிலும் வெள்ளத்திலும் ஊர் ஊராக நடந்தார். 1686-இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். இராமநாதபுரம் கிழவன் சேதுபதி மன்னர், இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று எச்சரித்து அவரை விடுவித்தார்.

அதன்பின் சபைப் பணியாக ஐரோப்பா சென்றார். இளமைத் தோழர் பேதுரு அப்போது போர்த்துக்கல் மன்னர். அங்கேயே தங்கிவிடும்படி வேண்டினார். பதவி, பாதுகாப்பு, முதிய தாயின் அருகாமை எல்லாம் அங்கே இருந்தன. இங்கோ வாள் காத்திருந்தது. முதன்முறை வந்தபோது வரப்போகும் துன்பத்தை அவர் அறியார். இம்முறை நன்கு அறிந்தே 1690-இல் திரும்பி வந்தார். அவருடைய வாழ்வில் எங்கள் நெஞ்சைத் தொட்ட இடம் இதுவே.

மறவர் நாட்டுத் தடியத்தேவர் நோய் நீங்கி நலம் பெற்று, 1693 சனவரி 6-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையோரை மணவாழ்விலிருந்து விலக்கினார். அவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் பட்ட வேதனையையும் பெண்களாகிய நாம் மறத்தல் ஆகாது. அவர் முறையிடவே, இரண்டே நாளில் அருளானந்தர் சிறைப்பட்டார். ஓரியூர்ச் சிறையில் கரியைக் கரைத்து மையாக்கித் தம் சபையாருக்கு மடல் எழுதினார். அதில் அச்சமில்லை, மகிழ்ச்சியே இருந்தது. பிப்ரவரி 4-ஆம் நாள் வாளுக்குத் தலை கொடுத்தார்.

செய்தி லிஸ்பன் சேர்ந்தபோது, நன்றி வழிபாட்டுக்குத் தாய் கறுப்புடையில் வரவில்லை, விழாக்கோலத்தில் வந்தாராம். அன்று தடுக்க முயன்ற அதே தாய்! அச்சத்தை வென்றவர் மகன் மட்டுமல்லர்.

1947-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இன்றும் பல சமயத்தவரும் ஓரியூர் சென்று அச்செம்மண்ணைப் பக்தியோடு எடுத்து வருகின்றனர்.

இதை எழுதும்போது எங்களுக்கு ஒன்று உறுத்தியது. இவ்வாண்டு திருப்புதல் தேர்வுக்கு முன் எங்கள் தோழி ஒருத்தி மஞ்சள் காமாலையால் மூன்று வாரம் வரவில்லை. வந்ததும் குறிப்பேடு கேட்டாள். எங்களில் எவரும் உடனே கொடுக்கவில்லை. வெறுப்பினால் அன்று, நம் மதிப்பெண் குறைந்துவிடுமோ, நம்மை அவள் முந்திவிடுவாளோ என்ற அச்சத்தினால். புனிதரின் திருநாளன்று பூசை முடிந்து வந்தபின், ஆளுக்கொரு பாடமாகப் பகிர்ந்து எழுதிக் கொடுத்தோம். அதனால் எங்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

நம் கையை மூடி வைப்பது பெரும்பாலும் வறுமையன்று, அச்சமே. உயிரையே தந்தவர் நடந்த மண்ணில் வாழும் நாம், ஒரு குறிப்பேட்டையேனும் அஞ்சாமல் கொடுக்கக் கற்றுக்கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்