குமாரிக்கு வீடு கட்டிய மன்னர்

நவராத்திரி வந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையை மனையில் உட்கார வைத்து, காலுக்கு நலங்கு இட்டு, பாவாடையும் வளையலும் கொடுத்து கன்யா பூஜை செய்கிறோம் அல்லவா? நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் ஒரு சிறுமியை ஆண்டு முழுவதும் அம்பாளாகவே வணங்குகிறார்கள். அவள்தான் குமாரி. அவள் வாழும் 'குமாரி கர்' என்ற வீட்டைக் கட்டியவர், காத்மாண்டுவின் கடைசி மல்ல மன்னர் ஜெயப்பிரகாச மல்லர்.

1736-ல் பட்டத்துக்கு வந்த அவருக்கு ஒருநாளும் நிம்மதி இல்லை. உடன்பிறந்தவர்கள் ஒருபுறம், பிரபுக்கள் ஒருபுறம் என்று சூழ்ச்சி. 1746-ல் பட்டத்து ராணியே பிரபுக்களோடு சேர்ந்து அவரை இறக்கிவிட்டு, சின்னஞ்சிறு மகனை அரியணையில் அமர்த்தினாள். சில ஆண்டுகள் அலைந்து திரிந்தபிறகே நாடு திரும்பக் கிடைத்தது.

அவரது குலதெய்வம் தலேஜு பவானி. அன்னை இரவுதோறும் மன்னரோடு பகடை ஆட வருவாளாம். ஒருநாள் அவள் அழகைக் கண்டு மன்னரின் மனம் தடுமாற, அந்தக் கணமே மறைந்துவிட்டாள். கதறி அழுத மன்னரின் கனவில் தோன்றி, சாக்கிய குலத்துச் சிறுமியின் உருவில் இனி தன்னைத் தரிசிக்கலாம் என்று அருளினாள். இது அங்கு வழங்கும் கர்ணபரம்பரைக் கதை. குமாரி வழிபாடு அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் 1757-ல் அரண்மனை அருகிலேயே அவளுக்கு மூன்றடுக்கு வீடு எழுப்பி, இந்திர விழாவில் தேரோட்டமும் ஏற்படுத்தினார் மன்னர்.

அந்த விழாவே அவருக்குச் சோதனையானது. 1768-ல் ஊரே கொண்டாட்டத்தில் திளைத்தபோது, கூர்க்கா மன்னர் பிருதிவி நாராயண் ஷா படையோடு நுழைந்துவிட்டார். குமாரியின் கையால் திலகமும் பெற்றார். பார்த்துப் பார்த்து வீடு கட்டியவரோ பாட்டனுக்கும், பிறகு பக்தபூருக்கும் தப்பி ஓடினார். 1769-ல் பக்தபூரும் விழுந்தது. போரில் காலில் காயம்பட்ட நிலையிலும் அவர் அம்பாளை நொந்துகொண்டதாகக் கதை இல்லை. பசுபதிநாதர் சந்நிதி அருகே, பாக்மதிக் கரையில் உயிர்விட வேண்டும் என்பதே அவர் கடைசி ஆசை. அப்படியே நடந்தது.

வென்றவரின் வம்சமும் 2008-ல் முடியாட்சியை இழந்தது. 2015 நிலநடுக்கத்தில் சுற்றியிருந்த கோயில்கள் பல சரிந்தன. குமாரியின் வீடு நிற்கிறது.

நீங்கள் அங்கு போனால், சிற்ப வேலைப்பாடு மிக்க மரச் சாளரங்கள் சூழ்ந்த முற்றத்தில் காத்திருங்கள். மேல்மாடச் சாளரத்தில், கண்களில் மை தீட்டி, சிவப்பு ஆடையில் குமாரி தோன்றினால் கைகூப்புங்கள். அவளைப் புகைப்படம் எடுக்க அனுமதி கிடையாது. பருவம் எய்தியதும் அவள் சாதாரணப் பெண்ணாக வீடு திரும்பிவிடுவாள். வேறொரு சிறுமி குமாரியாவாள்.

பிறகு பசுபதிநாதரைத் தரிசித்து பாக்மதிக் கரைக்கு வரும்போது, எல்லாம் இழந்தும் பக்தியை இழக்காத அந்த மன்னருக்காகவும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.