காப்டன் டிரைப் துரையும் அவர் மரப்பெட்டியும்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தைச் சுற்றி வருவோர், அதன் அடிப்பகுதியெங்கும் கல்லெழுத்துக்கள் வரிவரியாய் ஓடுவதைக் காண்பர். நின்று படிப்பார் சிலரே. நாமும் பலமுறை அவற்றைத் தடவிப் பார்த்து அகன்றவர்களே. அவ்வெழுத்துக்களை 1858-இல், மின்சாரமும் பிலிம் சுருளும் இல்லாத காலத்தே, தொடர்ச்சியாகப் படம் பிடித்த ஓர் ஆங்கிலேயரின் சரிதத்தை நேயர்கட்குக் கூற விழைகின்றோம். பழைய காமிராக்களைத் தேடியெடுத்துத் துடைத்துப் பயன்படுத்தும் ஆசை இந்நாள் மாணவரிடையே மீண்டும் தோன்றியிருத்தலும் இதனை எழுத நம்மைத் தூண்டிற்று.

லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட்டு என்னும் துறைமுக நகரில் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பன்னிரு மக்களுள் ஒருவராகப் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். சில ஆண்டுகட்குப்பின் விடுமுறையில் தாயகம் சென்றபோது, அங்கே புதுக்கலையாய்ப் பரவிக்கொண்டிருந்த புகைப்படத்தைப் பயின்றார். 1853-இல் லண்டன் புகைப்படக் கழகத்தில் உறுப்பினருமானார். மறு ஆண்டு இந்நாடு திரும்பியவர், ஹளேபீடு, பேலூர் முதலிய இடங்களின் சிற்பங்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியிற் பெரும் பாராட்டைப் பெற்றன. அவ்வாண்டே பர்மிய மன்னரின் தலைநகராகிய அமரபுரத்துக்குச் சென்ற தூதுக்குழுவுடன் அரசாங்கம் அவரை அனுப்பியது. 1856-இல் சென்னை இராஜதானியின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். போர்த்தொழிலுக்கு வந்தவர் கோயிலும் கோட்டையும் காண்பதே தொழிலாகப் பெற்றது வியப்பே.

அவர் கையாண்ட முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். காமிராவென்பது பெரியதொரு மரப்பெட்டி. முன்னே பித்தளைக் குழலிற் பதித்த கண்ணாடி வில்லை. விசையுமில்லை, திறந்து மூடும் யந்திரமுமில்லை. வில்லையின் மூடியைக் கையால் எடுத்துக் காலத்தைக் கணக்கிட்டு, மீண்டும் மூடுவதே படப்பிடிப்பு. அக்காலத்தார் பலரும் கண்ணாடித் தகட்டில் ஈரமருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவி முடிப்பர். நம் நாட்டு வெயிலில் அது பெருந் தொல்லை. டிரைப் துரையோ பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதத்தையே கொண்டார். அதனை முன்னரே மருந்திட்டு வைக்கலாம். படமெடுத்தபின் ஆறுதலாகக் கழுவலாம். ஒளி கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் தோன்றும் அத்தாளே நெகடிவ். ஆனால் ஒவ்வொரு படத்திற்கும் நிமிடக்கணக்கில் ஒளி தேவை. ஆதலால் நடமாடுவோர் படத்திற் பதியார். அவர் காட்டும் தஞ்சை ஆளரவமற்று விடியற்காலைபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம் போலும். காற்றில் ஆடிய இலைகள் கலங்கும். வானம் வெறுமையாய் வெளுக்கும். அவ்விடங்களில் அவர் நெகடிவின்மேல் தூரிகையால் மையிட்டு மேகமும் இலையும் வரைந்து சேர்த்தார். சிலர் இதனைக் குற்றமென்பர். கல்லைத் திருத்தாது வானத்தை மட்டும் திருத்தியவரைக் குறைகூற நமக்கு மனமில்லை.

1857-ஆம் ஆண்டின் இறுதியில், வடநாட்டிற் சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத வேளையில், காமிராவும் இரசாயனங்களும் காகிதக் கட்டுக்களும் உடன்வர, அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை ஆகிய ஊர்களில் எடுத்த படங்களெல்லாம் 1858-இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைக்கும் திருவையாற்றுக்குமாக ஒரு தொகுதி உண்டு. கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-இல் ஆண்மகவின்றி இறக்க, தஞ்சை அரசைக் கும்பினியார் கைக்கொண்டு மூன்றாண்டே கழிந்திருந்தது. அரசிழந்த நகரின் உருவை அப்படங்கள் நமக்குக் காட்டுகின்றன.

அவற்றுள் தலையாயது கல்லெழுத்துப் படமே. விமானத்தின் அடிப்பகுதியை ஒட்டிக் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒன்றன் முடிவு மற்றொன்றன் தொடக்கத்தோடு பொருந்துமாறு எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஏட்டுச்சுவடியைப் பிரித்து நீட்டினாற் போன்றது அது. அரசனும், அவன் தமக்கை குந்தவையும், தேவியரும் பிறரும் அளித்த கொடைகளையும், காவிரி நாட்டு ஊர்கள் கோயிலுக்கு அளக்கவேண்டிய நெல்லையும், அதனை அளக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலையும் இக்கோயிற் கல்வெட்டுக்கள் பேசுகின்றன. ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டுகட்கு முன்பே, எழுத்தைக் கையால் வரைந்து பிழைபடுத்தாது, உள்ளவாறே தாளில் ஏற்றிய பெருமை டிரைப் துரையினுடையது.

பணி நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன் துரை, கலகத்திற்குப்பின் வறண்டிருந்த கருவூலத்தை நோக்கி, புகைப்படத்தை அரசுக்கு ஒவ்வாத ஆடம்பரமென்று கருதிப் படத்தொழிலை நிறுத்தினார். சிக்கனம் வேண்டியதுதான். ஆயினும் அவர் மிச்சப்படுத்திய தொகையை இன்று நினைப்பாரில்லை. நின்றுபோன படங்களை எண்ணி வருந்துவார் உளர். டிரைப் துரை படைத்தொழிலுக்கே மீண்டார். பின்னர்ப் பர்மாவில் எடுத்த சிறு தொகுதியொன்றைத் தவிர அவர் பெரிதாக ஏதும் எடுக்கவில்லை. 1870-களில் ஓய்வு பெற்றுப் பிறந்த ஊரையே அடைந்து, 1902-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காலமானார்.

அவர் கொண்ட மரப்பெட்டியின் வழிவந்தவை பிற்காலத்துக் காமிராக்கள். 1888-இல் கோடாக்கு வந்தது; 1925-இல் லைக்கா வந்தது. மூடியை எடுத்த கைக்குப் பதிலாக வில்சுருளும் பற்சக்கரமும் வேலை செய்தன; அவ்வளவே வேறுபாடு. மின்கலம் வேண்டாத அவ்வகைக் காமிராக்களுள் பல, எண்ணெயிட்டுத் துடைத்தால் இன்றும் இயங்குகின்றன. பழுதுபட்டால் பிரித்து, தேய்ந்த உறுப்பைச் செம்மையாக்கிப் பூட்டலாம். பிலிம் சுருளோ 36 படங்களோடு முடிந்துவிடும். எடுப்பவன் எண்ணிப் பார்த்தே விசையை அழுத்துவான். இக்கட்டுப்பாட்டை விரும்பியே இளைஞர் சிலர் அவற்றை நாடுகின்றனர் என்பது நம் கருத்து.

டிரைப் துரையின் படங்கள் 2014-இல் வாஷிங்டனிலும், அடுத்த ஆண்டில் நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே சுவரில் தொங்கியவை பிற்காலத்தார் எடுத்த நகல்கள் அல்ல. 1850-களில் அச்சிடப்பெற்ற அதே தாள்கள்.