மாரிஸ் ஃபிராங்க்கும் அவருடைய வழித்துணையும்

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் நாற்சந்தியில் மாலை வேளையில் சாலையைக் கடப்பது கண்பார்வை உடையோர்க்கே எளிதன்று. பேருந்துகளும் ஆட்டோக்களும் இடைவிடாது ஒலி எழுப்பும். அங்கே வெண்கோலுடன் நிற்கும் பார்வையற்றவர் எவரேனும் கைபிடித்து அழைத்துச் செல்வாரா எனக் காத்திருப்பார். அவ்வாறு காத்திருக்க மனம் ஒப்பாத இளைஞர் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் மாரிஸ் ஃபிராங்க்.

மாரிஸ் 1908ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். 6 வயதில் குதிரைமீது செல்கையில் மரக்கிளை மோதி ஒரு கண்ணை இழந்தார். 16ஆம் வயதில் குத்துச்சண்டையின்போது மற்றொரு கண்ணும் பறிபோயிற்று. பின்னர்க் காப்பீடு விற்கும் தொழிலை மேற்கொண்டார். வாடிக்கையாளர்களைக் காணச் செல்வதற்குக் கூலிக்கு ஒரு துணையை அமர்த்திக்கொண்டார். துணை வாராத நாளில் தொழிலும் நடவாது. பார்வை போனதைக் காட்டிலும் இந்நிலையே அவரை மிகவும் வருத்தியது.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவருடைய தந்தை வார இதழ்க் கட்டுரை ஒன்றைப் படித்துக்காட்டினார். அதனை எழுதியவர் டாரதி யூஸ்டிஸ். அவர் சுவிட்சர்லாந்தில் நாய்களை வளர்த்துப் பழக்கிவந்த அமெரிக்கப் பெண்மணி. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ஜெர்மனியில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் முறையை அவர் நேரில் கண்டு விவரித்திருந்தார். மாரிஸ் உடனே அவருக்கு மடல் வரைந்தார். தமக்கு ஒரு நாய் கிடைத்தால், தம் நாட்டுப் பார்வையற்றோர்க்கு அம்முறையைக் கொண்டு சேர்ப்பதாக அதில் உறுதி கூறினார்.

மறு ஆண்டு அவர் கடல் கடந்து சென்றார். பார்வையற்ற பயணி என்பதால் கப்பலில் அவரைப் பொதியைப் போலவே நடத்தினர். அறையில் பூட்டியும் வைத்தனர்.

சுவிட்சர்லாந்தில் அவருக்கு ஒரு பெண் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் வாய்த்தது. அதற்குப் பட்டி எனப் பெயரிட்டார். இது நம் ஊர்ப்பெயர்களில் வரும் பட்டி அன்று. ஆங்கிலத்தில் தோழமையைக் குறிக்கும் சொல். நாயின் முதுகில் கட்டிய தோல்வார்ச் சேணத்தின் கைப்பிடியைப் பற்றியவாறு அவர் நடந்து பழகினார். நாய்க்குப் பயிற்சி முன்பே முடிந்திருந்தது. இப்போது கற்கவேண்டியவர் அவரே.

வழிகாட்டி நாய் தானே ஊரறிந்து அழைத்துச் செல்லும் எனப் பலர் எண்ணுவர். அது பிழை. போக்குவரத்து விளக்கின் நிறத்தைக் கண்டு அது நடப்பதில்லை. செல்லும் வழியை மனிதரே மனத்தில் வைத்திருக்கவேண்டும். வண்டிகளின் ஓசையைக் கேட்டு, எப்போது கடப்பது என அவரே ஆணையிடவேண்டும். பள்ளத்தையும் படியையும் தடையையும் கண்டு ஒதுங்குவதும் நிற்பதும் நாயின் வேலை. ஆணை பிறந்தபின் வண்டி ஒன்று விரைந்து வந்தால் அது அடியெடுத்து வைக்காது. கீழ்ப்படியப் பழக்குவது எளிது; தக்க நேரத்தில் கீழ்ப்படியாதிருக்கப் பழக்குவதே அரிய கலை.

1928 ஜூன் மாதத்தில் மாரிஸ் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே கூடிய செய்தியாளர்கள், பரபரப்பு மிக்க வெஸ்ட் வீதியைக் கடந்துகாட்டுமாறு அறைகூவினர். இரைச்சலில் மாரிஸுக்குத் திசையே தெரியவில்லை. தம் உயிரைப் பட்டியிடம் ஒப்படைத்து நடந்தார். அது சில அடி சென்றது, நின்றது, பின்வாங்கியது, மீண்டும் நடந்தது. மறுகரை சேர்ந்ததும் யூஸ்டிஸுக்கு ஒரே சொல்லில் வெற்றித் தந்தி சென்றது.

1929 ஜனவரியில் இருவரும் நாஷ்வில்லில் 'சீயிங் ஐ' என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். ஆனால் சாலையைவிடக் கடினமான தடைகள் எஞ்சியிருந்தன. உணவகங்களும் விடுதிகளும் நாயை உள்ளே விடமறுத்தன. மாரிஸ் பட்டியுடன் ஊர் ஊராகச் சென்று வாதாடினார். 1956ஆம் ஆண்டளவில், வழிகாட்டி நாயுடன் பொது இடங்களில் நுழையும் உரிமையை எல்லா மாநிலங்களும் சட்டமாக்கியிருந்தன.

1938ஆம் ஆண்டு பட்டி இறந்தது. 1980இல் மாரிஸ் மறையும்வரை அவருக்கு வழித்துணையாக வேறு நாய்கள் வந்தன. அவை அனைத்திற்கும் அவர் பட்டி என்றே பெயரிட்டார்.