மண்ணை விட்டு எழுந்த மனிதர்: பிலிப் ஹால்ஸ்மன் (1906–1979)

மாலை வேளையில் எண்ணூர் முகத்துவாரத்திலோ, திருவொற்றியூர்க் கடற்கரைத் தூண்டில் வளைவுகளின் அருகிலோ நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். இளைஞர்கள் கைப்பேசியை மணலில் சாய்த்து நிறுத்திவிட்டு அதன் எதிரே மீண்டும் மீண்டும் குதிப்பர். பின்னர் ஓடிவந்து படத்தைப் பார்ப்பர். படத்தில் அவர்கள் காற்றில் மிதப்பவர் போலத் தோன்றுவர். பெரியோர் சிலர் இதனை வீண் விளையாட்டென ஒதுக்குவதுண்டு. ஆயினும் இவ்விளையாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஓர் ஆசானும் உண்டு. நீதி தவறிய ஒரு தீர்ப்பினால் சிறை புகுந்து, பின்னர் உலகப் பெருமக்களையெல்லாம் குதிக்க வைத்த பிலிப் ஹால்ஸ்மனே அவர். அவர்தம் வாழ்க்கையை நம் மாணவர் அறிதல் நலம்.

இளமையும் இடியும்

இன்றைய லாட்வியா நாட்டின் தலைநகராகிய ரீகா, அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அந்நகரில் 1906-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் ஹால்ஸ்மன் பிறந்தார். தந்தையார் பல் மருத்துவர். மைந்தரோ ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மின்பொறியியல் பயின்றார்.

1928-ஆம் ஆண்டு செப்டம்பரில் தந்தையும் மகனும் ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் நடைப்பயணம் மேற்கொண்டனர். அங்கே தந்தையார் தலையில் படுகாயமுற்று உயிர்நீத்தார். உடன் சென்ற மகன் மீதே கொலைப்பழி விழுந்தது. மகன் தந்தையைக் கொல்வதற்குரிய காரணம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. நேரில் கண்ட சாட்சியும் இல்லை. ஆனால் அப்பகுதியில் யூதர்மீது கொண்ட வெறுப்பு ஆழ வேரூன்றியிருந்தது. இன்ஸ்ப்ரூக் நீதிமன்றம் முதலில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மறுவிசாரணையில் அது நான்காண்டாகக் குறைந்தது. இருபத்திரண்டு வயது மாணவர், தந்தையை இழந்த துயரோடு தந்தையைக் கொன்றவர் என்னும் பழியையும் சுமந்து சிறை புகுந்தார். அங்கே காசநோயும் அவரைப் பற்றியது.

அறிஞர் உலகம் வாளாவிருக்கவில்லை. ஐன்ஸ்டைன், சிக்மண்ட் பிராய்டு, தாமஸ் மன் முதலியோர் அவர் பொருட்டுக் குரல் எழுப்பினர். 1930-இல் அவர் மன்னித்து விடுவிக்கப்பட்டார். ஆஸ்திரியாவை விட்டு வெளியேறவும் பணிக்கப்பட்டார். மன்னிப்புக் கிடைத்தது, குற்றமற்றவர் என்னும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவை அவர் வாழ்நாள் முழுதும் அறிந்திருப்பார் என நாம் கருதலாம்.

ஒளியைத் தேடி

பாரிசு நகரை அடைந்த ஹால்ஸ்மன் பொறியியலைக் கைவிட்டு ஒளிப்படக் கலையைக் கைக்கொண்டார். ஆந்திரே ழீத் போன்ற எழுத்தாளர்களின் முகங்களைப் படம்பிடித்துப் புகழ் பெற்றார். தம் தேவைக்கேற்ற இரட்டை வில்லைக் கேமராவைத் தாமே வடிவமைத்தார். கற்ற பொறியியல் அவ்வகையில் பயன்பட்டது. 1937-இல் இவோன் என்னும் ஒளிப்படக் கலைஞரை மணந்தார்.

1940-இல் ஹிட்லரின் படைகள் பிரான்சைக் கைப்பற்றின. யூதராகிய ஹால்ஸ்மன் உயிர் தப்புவது அரிதாயிற்று. இம்முறையும் ஐன்ஸ்டைனே துணை நின்று அமெரிக்கா செல்ல வழிசெய்தார். மொழியும் தெரியாத நாட்டில் வந்திறங்கியவர், இரண்டே ஆண்டுகளில் 'லைஃப்' இதழின் அட்டைப்படத்தை எடுத்தார். அவ்விதழுக்கு அவர் எடுத்த அட்டைப்படங்கள் மொத்தம் 101. 1945-இல் அமெரிக்க இதழ் ஒளிப்படக் கலைஞர் சங்கத்தின் முதல் தலைவராகவும் ஆனார். 1947-இல் தமக்கு உயிர்ப்பிச்சை தந்த ஐன்ஸ்டைனை அவர் எடுத்த படம் உலகறிந்தது. அணுகுண்டின் விளைவை எண்ணி வருந்திய அம்மேதையின் விழிகள் அதில் நம்மை நோக்குகின்றன. 1966-இல் அமெரிக்க அஞ்சல்தலையிலும் அப்படம் இடம்பெற்றது.

குதித்தலின் கலை

1948-இல் ஓவியர் சால்வதோர் தாலியோடு சேர்ந்து அவர் ஒரு விந்தைப் படம் உருவாக்கினார். அதில் தாலி அந்தரத்தில் நிற்கிறார். பூனைகள் மூன்று பறக்கின்றன. நீர் வளைந்து பாய்கிறது. நாற்காலி தரையில் படாமல் நிற்கிறது. நாற்காலியைப் பிடித்தவர் இவோன் அம்மையார். ஓவியத்தாங்கி கம்பியில் தொங்கவிடப்பட்டது. உதவியாளர்கள் பூனைகளையும் ஒரு வாளி நீரையும் வீச, தாலி குதித்தார். இருபத்தெட்டு முறை முயன்ற பின்னரே எண்ணிய படம் அமைந்தது.

1952-இல் ஃபோர்டு குடும்பத்தாரைப் படம் எடுத்தபோது அவர்களையும் குதிக்கச் சொன்னார். அன்றுமுதல் தம்மிடம் வந்த பெருமக்கள் பலரையும் அவ்வாறே வேண்டிக்கொண்டார். இங்கிலாந்தின் அரியணையைத் துறந்த வின்சர் கோமகனும் துணைவியாரும் குதித்தனர். துணைக் குடியரசுத் தலைவராயிருந்த நிக்சன் குதித்தார். அணு அறிஞர் ஓப்பன்ஹைமர் கையை விண்ணோக்கி நீட்டி எழும்பினார். எண்பது வயதைக் கடந்த நீதிபதி லேர்னட் ஹேண்டும் மறுக்கவில்லை. நடிகை மர்லின் மன்றோவின் கைகோத்து ஹால்ஸ்மன் தாமும் குதித்த படம் ஒன்றும் உண்டு. இவையெல்லாம் 1959-இல் நூலாக வெளிவந்தன.

இதற்கு அவர் கண்ட காரணம் சிந்திக்கத்தக்கது. மனிதன் பிறர்முன் ஒரு முகமூடி அணிந்தே நிற்கிறான். குதிக்கும்போது அவன் கவனம் முழுவதும் உடலைத் தூக்குவதில் சென்றுவிடுகிறது. முகத்தைக் காக்க இயலுவதில்லை. அந்நொடியில் உள்ளிருக்கும் மனிதன் வெளிப்படுகிறான் என்பது அவர் கொள்கை.

இதன் இயற்பியலும் எளியது. ஏறத்தாழ ஓரடி உயரம் குதிப்பவர் காற்றில் இருப்பது அரை நொடியளவே. எனினும் உச்சியை நெருங்க வேகம் குறைந்து, உச்சியில் அறவே நின்றுவிடுகிறது. ஆகவே உயரத்தின் மேற்காற்பகுதியிலேயே பாதி நேரம் கழிகிறது. அக்கணத்தில் நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் கேமராவின் கண் திறந்து மூடினால் உடல் மிதப்பதாகவே தெரியும். முகத்தில் முயற்சியின் சாயல் இல்லாதிருப்பதும் கேமரா தாழ இருப்பதும் அத்தோற்றத்தை மிகுவிக்கும். 2011-ஐ ஒட்டி ஜப்பானின் நட்சுமி ஹயாஷி என்னும் பெண்மணி, கேமராவின் தானியங்கிக் கடிகையை முடுக்கிவிட்டுத் தாமே குதித்துத் தம்மையே இவ்வாறு படம் எடுத்து உலகை வியக்கவைத்தார். ஒரு படத்திற்காகப் பன்முறை குதிப்பதும் அவர் வழக்கம். நம் இளைஞர்கள் செய்வதும் இதுவே. ஈரப் பாறைகளையும் இருப்புப்பாதையையும் விடுத்து மணற்பரப்பில் குதித்தால் குற்றமில்லை.

மிதத்தல் என்பது நம் சென்னைக்குப் புதிதன்று. 1830-களை ஒட்டி இந்நகரில் சேஷால் என ஆங்கில ஏடுகள் குறித்த ஒருவர், ஒரு கோலின்மீது கைவைத்தபடி அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். ஆடைக்குள் மறைந்த இரும்புச் சட்டமே அவரைத் தாங்கியது எனப் பின்னர் விளக்கம் கூறப்பட்டது. அங்கே தாங்குவது மறைக்கப்பட்டது. குதிப்பவரைத் தாங்குவதோ அவர்தம் கால்வலிமை ஒன்றே. மிதப்பது தோற்றமாயினும் எழுந்தது மெய்.

வாழ்வு தரும் படிப்பினை

1979-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஹால்ஸ்மன் நியூயார்க்கில் மறைந்தார். இன்ஸ்ப்ரூக்கில் அவரை நோக்கியவர்கள் அவர் பிறந்த இனத்தைக் கண்டனர், மனிதரைக் காணவில்லை. அவரோ ஐம்பதாண்டு காலம் மனிதரையே தேடிக் கண்டார். தமக்கு மறுக்கப்பட்ட பார்வையைப் பிறருக்கு வழங்கினார்.

ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நீதியைப் பிறழச் செய்யலாகாது என்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் நெறி. வள்ளுவரும் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பெயரையும் உடையையும் ஊரையும் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. நம்மீது அவ்வாறு பழி வீழும்போது வருந்துகிறோம். பிறர்மீது நாமும் அதனைச் செய்யாதிருத்தல் வேண்டும். யூதராகப் பிறந்த இக்கலைஞரின் வரலாற்றை நம் மலரில் பொறிப்பதன் நோக்கமும் அதுவே.