மரப்பொம்மைக்கு இருந்த உயரம்: போ செய்ன் என்ற பர்மியக் கூத்தாடி

தேர்தல் நெருங்கினால் போதும், தமிழ்நாட்டில் யாராவது ஒருத்தர் மேடையேறி இன்னொருத்தரைக் கூத்தாடி என்று ஏசிவிடுவார். அடுத்த இரண்டு நாளைக்கு அதுதான் செய்தி. யாங்கூனில் உட்கார்ந்து கைபேசியில் அதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் போ செய்ன் ஞாபகம்தான் வரும். பர்மாவுக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இங்கே பஹான் வட்டாரத்தில் போ செய்ன் சாலை என்றே ஒன்று இருக்கிறது. செய்ன் என்றால் பர்மிய மொழியில் வைரம்.

எங்கள் அப்பாயி அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கு. அப்போது அதற்கு ஏழெட்டு வயசிருக்கும். பகோடா திருவிழா, பாய், போர்வை, சோற்று மூட்டை சகிதம் குடும்பமே கிளம்பிப் போயிருக்கிறார்கள். பாட்டு ஒன்றும் புரியவில்லையாம். பாதியில் தூங்கிப் போய், நடுச்சாமத்துக்கு மேல் மேளச் சத்தத்தில் விழித்துப் பார்த்தால், பட்டும் ஜிகினாவுமாக ஒருத்தர் ஆடிக்கொண்டிருக்கிறார். முழங்கை, மணிக்கட்டு, கழுத்து எல்லாம் தனித்தனியாக வெட்டி வெட்டி நிற்கிறது. யாரோ மேலே இருந்து கயிறு பிடித்து ஆட்டுகிற பொம்மை மாதிரி இருந்தது என்று அப்பாயி சொல்லும். அது ஏதோ சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்த கற்பனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அப்பாயி சரியாகத்தான் பார்த்திருக்கு. பர்மிய ஆட்டத்தின் அசைவுகளில் பல பொம்மலாட்டத்திலிருந்து வந்தவை.

பர்மிய மன்னர்கள் காலத்தில் நாடகத்துக்கென்றே ஓர் அமைச்சர் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்பட்ட பதவி அது. யார் எங்கே ஆடலாம், எதை ஆடலாம் என்று கட்டுப்பாடுகள் இருந்தன. அந்த ஏற்பாட்டில் பொம்மலாட்டத்துக்குப் பெயர் உயர்ந்த ஆட்டம். மனிதர்கள் ஆடுவது தாழ்ந்த ஆட்டம். அது வெறும் பெயர் மட்டுமில்லை, கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பொம்மைக்கு மூங்கில் மேடை கட்டலாம். மனித நடிகன் தரையில்தான் ஆட வேண்டும், பாய் விரித்த தரையில். மன்னரும் பிரபுக்களும் பார்க்க வருகிற இடத்தில் ஒரு கூத்தாடியின் கால் அவர்கள் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. மரத்துக்கு அந்தத் தோஷம் இல்லை. புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகங்களும் அப்படித்தான். அவற்றைப் பொம்மைகள் நடிக்கலாம். போதிசத்துவர் வேஷத்தை ஒரு கூத்தாடி கட்டினால் அது அபசாரம்.

1885 நவம்பரில் ஆங்கிலேயர்கள் மாந்தலேயைப் பிடித்து, தீபோ மன்னரை மாட்டு வண்டியில் ஏற்றி நாடு கடத்தினார்கள். அரண்மனை போனதும் அதை நம்பியிருந்த கலைகளும் ஆதரவற்றுப் போயின. 1880ஐ ஒட்டிப் பிறந்த போ செய்ன் அப்போது சின்னப் பிள்ளை. அவர் ஆட வந்தபோது கலைஞர்களின் பிழைப்பு தெற்கே ரங்கூனுக்கும் ஐராவதி முகத்துவாரத்து நெல் ஊர்களுக்கும் இடம் மாறியிருந்தது. முன்பெல்லாம் பிரபு ஒருவர் பணம் கொடுப்பார், ஊர் சும்மா பார்க்கும். புதிய காலத்தில் அடைப்புக் கட்டி, டிக்கெட் போட்டு ஆட்டம் நடந்தது. செட்டியார் கடனும் அரிசி விலையும் சேர்ந்து ஊர்களில் காசு புழங்கிய காலம். நம்மாட்களின் கதையும் இதற்குள் இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இந்தச் சூழலில்தான் போ செய்ன் மேடையைத் தூக்கினார். பலகை அடித்து, உயரம் கொடுத்து, திரை கட்டி, அதன்மேல் ஆடினார். இன்றைக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. அன்றைக்கு, தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடியைக் குனிந்து பார்த்துப் பழகிய சனம் முதல்முறையாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. எல்லாருக்குமா அது பிடித்திருக்கும்?

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? என் ஊகம் ஒன்று உண்டு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் வரைந்த திரைகளோடு கப்பலேறி ரங்கூன் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். தமிழ் நாடகக்காரர்களும் வந்தார்கள். உயர்ந்த மேடை, சுருட்டி இறக்கும் படுதா எல்லாம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. அந்நியர்களுக்கு அந்த உயரம் இருந்தது, உள்ளூர்க் கலைஞனுக்குத்தான் இல்லை. அதை அவர் தினம் பார்த்திருப்பார்.

மேடையை உயர்த்தியதோடு ஜாதகக் கதைகளையும் கையில் எடுத்தார். பொம்மைக்கு மட்டும் உரியதாக இருந்த இரண்டையும் அவர் மனிதனுக்கு வாங்கிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் சண்டை போட்டு வாங்கவில்லை. புத்தர் கதையை ஆடுவது வழிபாடு, ஆடுகிறவனுக்கு அதற்கேற்ற ஒழுக்கம் வேண்டும் என்ற பக்கத்திலிருந்து வந்தார். பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று நல்ல காரியங்களுக்குப் பணம் திரட்டி ஆடிக் கொடுத்தார். கூத்தாடியிடம் நன்கொடை வாங்கியவன் அவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைக்க முடியாது அல்லவா. கெட்டிக்காரர்தான்.

ஜப்பானில் கபுகி நடிகர்களுக்கும் இதே கதைதான். ஆற்றுமணல் பிச்சைக்காரர்கள் என்பது அவர்களுக்கு இருந்த பழைய வசவுப் பெயர், ஆற்றங்கரை மணலில் ஆடிப் பிழைத்ததால். அவர்களும் பொம்மலாட்டத்திலிருந்து கதைகளை அள்ளிக்கொண்டவர்கள். 1887இல் மெய்ஜி பேரரசர் வெளியுறவு அமைச்சர் இனோவே வீட்டில் உட்கார்ந்து கபுகி பார்த்தார். ஒன்பதாவது டான்ஜுரோ அதில் ஆடினார். அத்தோடு அந்த நடிகர்களின் மதிப்பு ஏறியது. ஆனால் அங்கே ஏற்றிவிட ஒரு பேரரசர் இருந்தார். போ செய்னுக்கு வந்து உட்கார மன்னர் யாரும் மிச்சமில்லை.

நம்ம ஊரில் அதே காலத்தில் பம்மல் சம்பந்த முதலியார் வேறு வழி பிடித்தார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களையும் வக்கீல்களையும் வேஷம் கட்ட வைத்தார். அவரே பின்னாளில் நீதிபதியாக இருந்தவர். நாடகத்துக்கு அதனால் மரியாதை வந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்த மரியாதை சபாவில் ஆடிய கனவான்களோடு நின்றுவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் ஆடிப் பிழைத்தவர்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் எத்தனையோ நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். அவர் 1922இல் புதுச்சேரியில் இறந்தபோதும் கூத்தாடி என்ற சொல் வசவாகத்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது. போ செய்ன் வக்கீல்களைக் கூட்டி வரவில்லை. ஆடிப் பிழைக்கிறவனாகவே இருந்துகொண்டு, ஆடிப் பிழைக்கிறவர்களையே மேலே ஏற்றினார்.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். ஜாட் ப்வே என்ற விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில், நள்ளிரவுக்குப் பிறகு மின்தா எனும் இளவரசனும் மின்தமி எனும் இளவரசியும் சேர்ந்து ஆடிப் பாடும் கட்டம் ஒன்று வரும். அப்பாயி விழித்துப் பார்த்தது அதைத்தான். போ செய்னின் பெரிய பலம் அது. கூட்டம் அதற்காகவே காத்துக் கிடந்ததால் அந்தக் கட்டம் நீண்டுகொண்டே போனது, நாடகம் சுருங்கியது. செய்ன் கடோன் என்று அவருக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். உடையில் சின்னச் சின்ன மின்விளக்குகளைப் பொருத்திக்கொண்டு ஆடியவர். ஆட்டம் முழுவதும் ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழலும் பழக்கம் இந்தத் தலைமுறையில்தான் வேர்விட்டது. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் குறை சொல்லும் தகுதி இருக்கிறதா தெரியவில்லை.

அவருடைய பொதுத் தொண்டுக்காக ஆங்கிலேய அரசு பதக்கம் கொடுத்தது. வாங்கிக்கொண்டார். சுதந்திர ஆசை வளர்ந்துகொண்டிருந்த நாட்டில் வெள்ளைக்காரன் குத்திவிடும் பதக்கத்தை வாங்கலாமா என்று இன்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். பாட்டன் காலத்திலிருந்து தரையில் நிறுத்தப்பட்ட ஒரு தொழிலில், முதல்முறையாக ஓர் அரசு மரியாதை செய்ய வரும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் நடந்தே போனார்கள், அப்பாயி இங்கேயே தங்கிவிட்டது. போ செய்ன் அந்தப் போரையும் தாண்டி, 1948 ஜனவரியில் வந்த விடுதலையையும் பார்த்துவிட்டு, 1950களில் காலமானார். அவர் மகன் கென்னத் செய்னும் ஆட்டக்காரர்தான். ஓர் அமெரிக்கருடன் சேர்ந்து அப்பாவின் கதையை 1965இல் ஆங்கிலத்தில் புத்தகமாகக் கொண்டுவந்தார். மகன் சொல்லும் கதை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம்.

2021 பிப்ரவரிக்குப் பிறகு யாங்கூனில் இரவு ஊரடங்கு வந்தது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்கு அது எப்படி ஒத்துவரும்? கடைசியாக நான் போனது அதற்கு முன்னே. பகோடா மைதானத்தில் மேடை என் நெஞ்சுயரம் இருந்தது. முன்வரிசைப் பாய்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி வாக்கில் சைங் வைங் மேளம் அதிர ஆரம்பித்ததும், பக்கத்தில் இருந்த அம்மா தன் மகளை உலுக்கி எழுப்பி உட்கார வைத்தார்.