மௌலானா முஹம்மது அலீ: பேனா பறிபோன நாட்கள்

மௌலானா முஹம்மது அலீ அவர்களின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் கிலாஃபத் இயக்கத்தின் காலத்தில் அபூர்வம். ஆனால் அன்னார் எந்த மதரஸாவிலும் ஓதி ஸனது பெற்ற ஆலிம் அல்லர். அலீகரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர்; ஆங்கிலப் பத்திரிகை நடத்தியவர். அப்படிப்பட்டவரை மக்கள் மௌலானா என்று அழைக்க நேர்ந்தது எப்படி? அன்னாரின் வாழ்க்கையே அதற்கு விடை சொல்லும்.

1878 டிசம்பர் 10ஆம் நாள் ராம்பூர் சமஸ்தானத்தில் அன்னார் பிறந்தார். தந்தையார் அப்துல் அலீ கான், குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வயதானபோது காலரா நோயால் காலமாகிவிட்டார். தாயார் ஆபாதி பானு பேகம் இளம் வயதிலேயே விதவையானார். பிற்காலத்தில் நாடே பீ அம்மா என்று அழைத்த தாய் இவர்தாம். ஆங்கிலப் படிப்பு ஈமானைக் கெடுத்துவிடும் என்று குடும்பத்துப் பெரியவர்கள் அஞ்சிய காலம் அது. அந்தத் தாயோ தம் நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். மார்க்கத்தை வீட்டில் தாமே ஊட்டினார்.

கடைசிப் பிள்ளையான முஹம்மது அலீ 1896இல் பி.ஏ. தேர்வில் முதன்மையாகத் தேறினார். அண்ணன் ஷௌகத் அலீயின் முயற்சியால் 1898இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்று வரலாறு பயின்றார். ஐ.சி.எஸ். தேர்வு மட்டும் கைகூடவில்லை. தாயகம் திரும்பிப் பரோடா சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தார். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை.

உத்தியோகத்தை உதறிவிட்டு, 1911 ஜனவரி 14ஆம் நாள் கல்கத்தாவில் ‘காம்ரேட்’ என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார். அதன் நடையழகை ஆங்கிலேய அதிகாரிகளும் விரும்பிப் படித்தார்கள். தலைநகரம் தில்லிக்கு மாறியபோது பத்திரிகையும் அங்கே மாறியது. உருது மட்டுமே அறிந்த மக்களுக்காக 1913இல் ‘ஹம்தர்த்’ நாளிதழும் தோன்றியது. பால்கன் போரில் துருக்கி துன்புற்றபோது, காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்ய டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் ஒரு மருத்துவக் குழு 1912இல் இந்தியாவிலிருந்து புறப்பட்டது. அதற்கு ஆதரவு திரட்டியதில் ‘காம்ரேடு’க்குப் பெரும் பங்குண்டு. கடல் கடந்த சகோதரர்களின் துயரத்தைத் தம் வீட்டுத் துயரமாக மக்களை உணரச் செய்தது அந்த எழுத்து.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. துருக்கி எந்தப் பக்கம் நிற்கும் என்பது அன்றைய பெரிய கேள்வி. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை துருக்கியருக்கு எச்சரிக்கை செய்து எழுதியது. அதற்கு மறுமொழியாக முஹம்மது அலீ உறக்கத்தை மறந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதி, செப்டம்பர் 26 இதழில் வெளியிட்டார். துருக்கிக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்காட்டினார். ஆயினும் போரில் இறங்க வேண்டாம் என்றே துருக்கியருக்கு ஆலோசனை கூறினார். அரசாங்கமோ அநீதிகளைச் சொன்னதை மட்டுமே பார்த்தது. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி கட்டியிருந்த ஜாமீன் தொகை பறிமுதல் செய்யப்பட்டது. ‘காம்ரேட்’ நின்றது. 1915 மே மாதத்தில் சகோதரர் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர், ‘ஹம்தர்த்’தும் அடங்கியது.

பத்திரிகையாளரின் பேனா பறிபோய்விட்டது. அவ்வளவுதான், மனிதர் ஒடுங்கிவிடுவார் என்று ஆட்சியாளர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது.

சிந்த்வாடா என்ற சிற்றூரில் காவலில் கழிந்த நாட்களில்தான் அன்னார் குர்ஆன் ஷரீஃபை உருது மொழிபெயர்ப்பின் துணையுடன், பொருளுணர்ந்து, ஆற அமர ஓதத் தொடங்கினார். சிறுவயதில் ஓதக் கற்றதுண்டு. பொருளில் ஆழ்ந்ததில்லை என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ முப்பத்தேழு வயதில், ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி ஒருவர் வேதத்தின் முன்னே மாணவராக அமர்ந்தார். அதுவரை இஸ்லாமிய சமுதாயத்துக்காக எழுதியவர், அதன் பின் இஸ்லாத்தின் கட்டளைக்குக் கீழே நின்று எழுதினார். மக்கள் தந்த மௌலானா என்ற பெயர் அன்னாருக்குப் பொருந்தத் தொடங்கியது அந்தக் காவல் வீட்டில்தான்.

1917இல் ஒரு சோதனை வந்தது. அரசாங்கம் நீட்டிய உறுதிமொழியில் கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். மார்க்கக் கடமைகளுக்கு ஊறு வராது என்ற வாசகத்தையும் சேர்த்தால்தான் ஒப்புவோம் என்று சகோதரர்கள் நின்றார்கள். பிள்ளைகள் ஈமானுக்கு மாறாகக் கையெழுத்திட்டால், தம் தளர்ந்த கைகளாலேயே அவர்களின் கழுத்தை நெரித்துவிடத் தயங்கமாட்டேன் என்று முதிய பீ அம்மா கூறிவிட்டார். விடுதலை வரவில்லை. அந்த ஆண்டு கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டின் தலைவராக முஹம்மது அலீ தேர்ந்தெடுக்கப்பட்டார். காவலில் இருந்த அவருக்குப் பதிலாக நாற்காலியில் அவருடைய படம் இருந்தது.

1919 டிசம்பரில் விடுதலை பெற்றதும் கிலாஃபத் இயக்கத்தில் குதித்தார். 1920இல் லண்டன் சென்று பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் நேரில் வாதாடினார். அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா கல்வி நிலையம் அலீகரில் உதயமாயிற்று. அதன் முதல் துணைவேந்தர் அன்னாரே.

பிரிட்டிஷ் படையில் ஊழியம் செய்வது முஸ்லிமுக்கு ஹராம் என்று 1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாஃபத் மாநாடு தீர்மானித்தது. அதற்காகச் செப்டம்பர் 14ஆம் நாள், காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்த வழியில், வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். சென்னை மக்கள் எதிர்பார்த்திருந்த தலைவர் வந்துசேரவில்லை. கராச்சியில் நடந்த வழக்கில் இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. விடுதலையானபின் 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரசுக்குத் தலைமை வகித்தார்.

வாசகர்களே, இதன் பிறகு நேர்ந்ததுதான் பெருஞ்சோதனை. எந்தக் கிலாஃபத்துக்காகச் சிறை சென்றாரோ, அந்தக் கிலாஃபத்தை 1924 மார்ச் 3ஆம் நாள் துருக்கியரே நீக்கிவிட்டனர். அதே ஆண்டில் அருமை மகள் ஆமினாவையும், நவம்பரில் பீ அம்மாவையும் இழந்தார். மீண்டும் தொடங்கிய ‘காம்ரேட்’ 1926இல் நின்றது. ‘ஹம்தர்த்’தும் கடனோடு மூடப்பட்டது. நேரு அறிக்கை வெளியான 1928இல் பழைய காங்கிரஸ் தோழர்களோடு பிரிவும் ஏற்பட்டது. அன்னார் கோபக்காரர், பேச்சில் வேகம் மிகுந்தவர். அதனால் நண்பர்கள் மனம் நொந்ததுமுண்டு. ஆயினும் பதவிக்கோ பணத்துக்கோ பேனாவை விற்றார் என்று அன்னாரின் எதிரிகளாலும் சொல்ல முடியவில்லை.

நீரிழிவால் உடல் நலிந்த நிலையிலும் 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றார். சுதந்திரத்தைத் தாருங்கள், இல்லையேல் உங்கள் மண்ணில் எனக்கு ஒரு கப்ரைத் தாருங்கள், அடிமை நாட்டுக்கு நான் திரும்பமாட்டேன் என்ற கருத்தில் அங்கே முழங்கினார். 1931 ஜனவரி 4ஆம் நாள் லண்டனிலேயே வஃபாத்தானார். ஜனாஸா பைத்துல் முகத்தஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜனவரி 23ஆம் நாள் மஸ்ஜிதுல் அக்ஸா வளாகத்தையொட்டி நல்லடக்கம் செய்யப்பட்டது. லண்டன் மண்ணில் கப்ரு கேட்டவருக்கு நபிமார்கள் நடந்த பூமியில் இடம் கிடைத்தது.

இன்று கணக்குப் பார்த்தால், அன்னார் நடத்திய பத்திரிகைகள் இல்லை; அன்னார் போராடிய கிலாஃபத்தும் இல்லை. ஜாமிஆ மில்லியா தில்லியில் மத்தியப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதைவிடப் பெரிதாக நிற்பது அன்னார் கற்றுத்தந்த பாடம்: எழுத்தும் சொல்லும் அமானத். அவற்றை அரசாங்கம் பறிக்கலாம். விலைக்கு நாமே விற்கக் கூடாது.

இக்காலத்தில் பத்திரிகை நடத்த ஜாமீன் கட்ட வேண்டியதில்லை. நம் வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி வடிவில் ஒரு பத்திரிகை இருக்கிறது. உண்மையா பொய்யா என்று விசாரியாமல் ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். அந்த நொடிக்கும் மறுமையில் கணக்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

முப்பத்தேழு வயதில் அன்னார் செய்ததை நாம் எந்த வயதிலும் செய்யலாம். பஜ்ருத் தொழுகைக்குப் பின் குர்ஆனை மூடிவைக்குமுன், இன்று ஓதிய ஆயத்தின் பொருளை ஒருமுறை படித்துப் பார்ப்போம். அதன் பிறகு கைப்பேசியை எடுப்போம். எழுதும் கைக்கும் பேசும் நாவுக்கும் வல்ல அல்லாஹ் வாய்மையைத் தந்தருள்வானாக. ஆமீன்.