சுவரொட்டிகளைச் சேர்த்த பல் டாக்டர்

உலகப் பொருட்காட்சியானாலும் சினிமாவானாலும், ஜனங்களை அழைப்பது சுவரொட்டிதான். விழா முடிந்ததும் அதன்மேல் வேறொன்றை ஒட்டிவிடுவார்கள். அந்தக் காகிதத்தையும் பொக்கிஷமாகக் காத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பல் டாக்டர் ஹான்ஸ் ஸாக்ஸ்.

1881-ம் ஆண்டு பிரஸ்லா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு 8 வயதாகும்போது, 1889-ல், பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் சுவரொட்டி ஓவியர் ஷெரேக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. சுவரொட்டியும் கலைதான் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவிய காலம் அது. ஸாக்ஸையும் அந்த ஆசை இளவயதிலேயே பிடித்துக்கொண்டது.

சங்கமும் பத்திரிகையும்

பெர்லினில் அவர் பல் வைத்தியத் தொழில் நடத்தினார். விஞ்ஞானி ஐன்ஸ்டீனும் அவரிடம் வைத்தியம் செய்துகொண்டவர். 1905-ல் சுவரொட்டிப் பிரியர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1910 முதல் 1921 வரை அதற்கென்றே பத்திரிகையும் நடத்தினார். அவரிடம் சேர்ந்த சுவரொட்டிகள் சுமார் 12,500.

பறிமுதல்

ஹிட்லர் ஆட்சி வந்தது. 1938-ல் பிரசார மந்திரி கோயபல்ஸின் உத்தரவுப்படி ரகசியப் போலீசார் அத்தனை சுவரொட்டிகளையும் அள்ளிச் சென்றனர். அதே ஆண்டு நவம்பரில் ஸாக்ஸையும் பிடித்து வதைமுகாமில் அடைத்தனர். விடுதலையானதும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அமெரிக்காவுக்குத் தப்பினார்.

யுத்தத்தில் எல்லாம் அழிந்துவிட்டதாகவே அவர் நினைத்தார். 1961-ல் மேற்கு ஜெர்மன் அரசு கொடுத்த சுமார் 2,25,000 மார்க் நஷ்டஈட்டையும் பெற்றுக்கொண்டார்.

1966-ல் ஒரு தகவல் வந்தது. கிழக்கு பெர்லினில் உள்ள ஒரு மியூசியத்தில் சுவரொட்டிகளில் ஒரு பகுதி பத்திரமாக இருக்கிறதாம்! உடனே அங்கே கடிதம் எழுதினார். அவர் பணம் கேட்கவில்லை. அவற்றின் கலை மதிப்புதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் இடையில் எல்லைச் சுவர் நின்றது. சேர்த்தவற்றை மறுபடி கண்ணால் பார்க்காமலே 1974-ல் நியூயார்க்கில் காலமானார்.

தீர்ப்பு

1990-ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அன்று கைக்குழந்தையாக இருந்த மகன் முதுமையில் வழக்குப் போட்டார். சுவரொட்டிகள் குடும்பத்துக்கே சொந்தம் என்று 2012 மார்ச்சில் ஜெர்மனியின் உச்ச கோர்ட்டு தீர்ப்பளித்தது. திரும்பி வந்தவை 4,200-க்குச் சற்று மேல். அதாவது, மூன்றில் ஒரு பங்கு.

2013-ல் அவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. ஒரே கூரையின் கீழ் ஸாக்ஸ் சேர்த்தவை பல கைகளுக்குப் பிரிந்து போயின. கிழித்தெறிய வேண்டிய காகிதத்துக்காக நாட்டின் உயர்ந்த கோர்ட்டுவரை ஒரு குடும்பம் வாதாடியதே, அதற்கு அந்தப் பல் டாக்டரின் ஆசைதான் காரணம்.